முதலில் முடிதான் கேட்டார்கள்

இமானிக்குப் பேன் பிடித்த கோடையில்தான் இது நடந்தது.

அந்த யூலையில், கனடாவின் ஸ்காபரோவில் காற்றென்ற பேச்சே இல்லை. றீற்றா விடிய எழும்பி மோர்ணிங்சைட் பக்கத்து ரேக் அவுட் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மத்தியானம் வரை இடியப்பம் அவிப்பாள். தட்டுகளை இறக்கி, கவிழ்த்து, சுடச்சுடப் பெட்டிகளில் அடுக்கி, ஆவியில் முகம் வெந்து வெளியே வந்தால் அங்கேயும் அதே புழுக்கம். வரும் வழியில் சமூக நிலையத்துக் கோடை முகாமில் இமானியைக் கூட்டிக்கொண்டு ரூஜில் இருக்கும் வீட்டுக்கு வருவாள். வந்ததும் பிள்ளைக்குச் சோறு. பின்வளவுக்கு விளையாடப் போகுமுன் கை, கால், கழுத்து, காதுமடல் எல்லாம் சண் கிறீம், தலையில் அகலத் தொப்பி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் தனக்கென்று ஒரு தேத்தண்ணி ஊற்றுவாள்.

இமானி அவள் பெற்ற பிள்ளை அல்ல. கீழே பேஸ்மென்றில் குடியிருக்கும் நீமாவின் பிள்ளை. நீமா தன்சானியாவில், விக்ரோறியா ஏரிக்கு நடுவே கிடக்கும் ஒரு தீவில் பிறந்தவள். மூன்று வருடத்துக்கு முன் பங்குக் கோவிலில், ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் இருக்க இடம் தேவை என்று பூசை முடிவில் பாதர் அறிவித்தபோது றீற்றாவின் கணவர் மரியரட்ணம்தான் முதலில் கையை உயர்த்தினார். மாக்கம் றோட்டில் மீன்கடையில் மீன் வெட்டுகிறவர் அவர். அதிகம் யோசிக்காமல் நல்ல காரியங்களில் மாட்டிக்கொள்ளும் ஆள்.

நீமா நல்ல கறுப்பு. பிள்ளையோ பால் நிறம். சுருண்ட தலைமயிர் வைக்கோலின் நிறம், இமைமயிரும் புருவமும் அதே நிறம். கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். புத்தகத்தை மூக்கில் முட்டப் பிடித்துத்தான் வாசிப்பாள்.

"தேப்பன் வெள்ளையனோ?" என்று மரியரட்ணம் முதல் நாள் மனைவியின் காதுக்குள் கேட்டார்.

"இல்லையாம். தோலில நிறம் ஊறாத பிறப்பாம். எங்கட ஊர் பேசாலையிலயும் ஒருத்தி இருந்தவள்தானே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. மறந்துபோனீங்களே?"

நீமாவுக்கும் றீற்றாவுக்கும் நடுவில் ஓடியது ஒடிந்த ஆங்கிலம். முதல் கிழமை நீமா அவளை "டாடா" என்று கூப்பிட, ஏதோ விடைபெற்றுப் போகிறாளாக்கும் என்று றீற்றாவும் கையை ஆட்டி "டாடா" சொன்னாள். அவர்கள் மொழியில் அது அக்காவென்று பிறகுதான் தெரிந்தது. இமானிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நாலு வயதில் வந்தவள், இப்போது ஏழு. "அன்ரி, எனக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ" என்று மன்னார்க்காரி மாதிரியே கேட்பாள்.

நீமாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டைதான். ஒருநாள் உடுப்புத் தோய்க்கும்போது கை சுருட்டியிருந்ததில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை புடைத்துப்போய்க் கிடந்த தழும்பை றீற்றா கண்டாள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. றீற்றா கேட்கவில்லை. போரைத் தாண்டி வந்த ஊர்ச்சனத்தோடு பழகியதில், தழும்பைக் கண்டால் கேட்பதில்லை என்று அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது.

றீற்றாவுக்கு உடன்பிறப்பென்று இருப்பது ஒரேயொரு அண்ணன், கிளிபோட். தாயும் தகப்பனும் போனபிறகு அவளை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர். பிறம்ரனில் ட்றக் ஓடுகிறார். அஜக்ஸில் வீடு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களென்று இன்னொரு புதுவீட்டுக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். பழைய வீடு விலைபோனால்தான் புதுவீட்டுச் சாவி கிடைக்கும். வீட்டுச் சந்தை விழுந்து கிடந்தது. வசந்தத்தில் நட்ட விற்பனைப் பலகை கோடையிலும் அப்படியே நின்றது. மனுசன் மெலிந்துபோனார். தலைகீழாகப் புதைத்தால் வீடு விற்கும் என்று யாரோ சொல்லி, சூசையப்பரின் சின்னச் சிலையொன்றைப் பலகையின் காலடியில் புதைத்தும் பார்த்தார்.

யூன் கடைசி ஞாயிறு வீட்டைக் கழுவித் துடைத்துக் கொடுக்க றீற்றா அங்கே போனாள். இமானியும் கூடப் போனாள். புது இடமென்றால் பிள்ளை சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் நடக்கும். அன்றும் ஒவ்வொரு அறையாகத் தடவிக்கொண்டு, கதவுகளில் கன்னத்தை வைத்துக்கொண்டு, வீடு முழுக்கச் சுற்றினாள்.

அடுத்த நாள் கிளிபோட் போன் எடுத்துக் கத்தினார். "பிள்ளை, வீடு வாங்க ஓபர் வந்திட்டுது! உவள் தொட்ட கை ராசி! நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான், ஒரு அறை விடாமத் தொட்டவள்."

"சும்மா இருங்கோ அண்ணை. சூசையப்பர் கோவிக்கப்போறார்" என்று றீற்றா சிரித்தாள்.

ஒரு கிழமையில் அந்த ஓபர் உடைந்தது. வாங்க வந்தவர்களுக்கு வங்கி கைவிரித்துவிட்டது. அதற்குப் பிறகு கிளிபோட் ஐஸ்கிறீமோடு வரத்தொடங்கினார். "ஒருக்காக் கூட்டிக்கொண்டு போட்டு வாறன் பிள்ளை. சுவரைத் தொட்டுப்போட்டு வரட்டுமன். அவளுக்கும் ஒரு ஓட்டம்." இரண்டு தரம் றீற்றா கூட்டிப்போக விட்டாள். அண்ணனின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நீமாவிடம் சொல்லவேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

பேன் கண்ட நாளில் அவர் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முகாமில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேனாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். றீற்றா இமானியை ஸ்ரூலில் இருத்தித் தலையைப் பிரித்தாள். வெள்ளைத் தோலில் ஊர்ந்தவை நன்றாகத் தெரிந்தன.

"ஐயோ, இது சீப்புக்கு அடங்காது. கட்டையா வெட்டிவிடுவமே, ராசாத்தி? வெக்கைக்கும் சுகமா இருக்கும்."

"அம்மா பேசுவா" என்றாள் இமானி.

"அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

நெற்றிக்கு மேலே நீமா காலையில் பச்சை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்த குடுமியை றீற்றா ஒரே வெட்டில் எடுத்தாள். இமானி அதை வாங்கி, மேசையில் சிந்தியிருந்த தேத்தண்ணியில் தூரிகை மாதிரித் தோய்த்துக் கோடு கீறிச் சிரித்தாள். மிச்சத்தையும் வெட்டி, கூட்டி, குப்பைப் பையில் போட்டுவிட்டு, பிள்ளையை முழுகவார்க்க மேலே கூட்டிப்போனாள்.

"கார்பேஜை நான் கராஜுக்குள்ள வைச்சிட்டுப் போறன் பிள்ளை" என்று கீழிருந்து கிளிபோட்டின் குரல் கேட்டது.

ஐந்து மணிபோல நீமா வந்தாள். எப்போதும் பக்கவாசலால் நேரே கீழே போகிறவள், அன்று பிள்ளையின் சத்தம் கேட்டுக் குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். இமானி மொட்டைபோல வெட்டிய தலையோடு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நீமாவின் கையிலிருந்த பை விழுந்தது.

"முடி எங்கே?"

"பேன், நீமா. முகாமில எல்லாருக்கும்..."

"முடி எங்கே, டாடா? எங்கே போட்டாய்?"

அப்படியொரு குரலை றீற்றா அவளிடம் கேட்டதில்லை. கராஜுக்கு ஓடினார்கள். நீமா பையைக் கிழித்து சீமெந்துத் தரையில் கவிழ்த்து, முழந்தாளில் இருந்து, மரக்கறித் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் இடையிலிருந்து மயிரைப் பொறுக்கினாள். மடங்காத அந்த இரண்டு விரல்களும் ஒத்துழைக்கவில்லை. மற்ற விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சால்வையில் போட்டாள். றீற்றாவும் குந்தி இருந்து பொறுக்கினாள். ஏனென்று தெரியாமலே பொறுக்கினாள்.

"பச்சை வளையம் போட்டது இதில் இல்லை" என்றாள் நீமா. தரையை மறுபடி கையால் துழாவினாள். "இல்லை. யார் வந்தது? வீட்டுக்கு இன்றைக்கு யார் வந்தது?"

கார்பேஜை வைத்துவிட்டுப் போவதாகச் சொன்ன அண்ணனின் குரல் றீற்றாவுக்கு நினைவு வந்தது. அதைச் சொல்லாமல், "முதல்ல தண்ணி குடி" என்று அவளைத் தூக்கி, கராஜில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினாள். "ஏன் இப்படி நடுங்குறாய்? மயிர்தானே நீமா?"

நீமா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் புருஷனும் அப்படித்தான் சொன்னான்" என்றாள். "மீன் பிடிக்கிறவன். நல்லவன் டாடா. இவள் பிறந்தபோது மருத்துவிச்சி பேசாமல் நின்றாள், மாமியார் வெளியே போய்விட்டாள். அவன்தான் தூக்கினான். இமானி என்று பேர் வைத்தவன் அவன்தான். எங்கள் மொழியில் அதற்கு விசுவாசம் என்று அர்த்தம்."

அவள் சால்வையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"பிறகு ஏரியில் மீன் இல்லாமல் போனது. வலை போட்டால் களைதான் வந்தது. படகில் நாலு பங்காளிகள். அவர்கள் மந்திரவாதியிடம் போனார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளை மனிதரென்று சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். பேய் என்பார்கள், சாகமாட்டார்கள், மறைந்துபோவார்கள் என்பார்கள். உடம்பில் செல்வம் இருக்கிறது என்பார்கள். முதலில் முடிதான் கேட்டார்கள். வலையில் வைத்துப் பின்னினால் மீன் படுமாம். மயிர்தானே, வளரும், வலிக்காது என்று என் புருஷன் சொன்னான். நானே வெட்டிக் கொடுத்தேன்."

"மீன் பட்டதோ?" என்று றீற்றா கேட்டுவிட்டாள். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பட்டது. ஒரு கிழமை பட்டது. அதுதான் எங்களை அழித்தது. பிறகு படவில்லை. முடி போதாது, விரல் வேண்டும் என்று மந்திரவாதி சொன்னானாம். என் புருஷன் வீட்டுக்கு வந்து அழுதான். முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றான். நான் நம்பினேன். அடுத்த வாரம், அவன் ஏரிக்குப் போயிருந்த நாளில், கத்தியோடு வந்தார்கள். நான் பிள்ளைக்கு மேலே விழுந்தேன்." அவள் தன் கையைத் தூக்கிக் காட்டவில்லை. பார்வை மட்டும் அதில் போய் வந்தது. "விளக்குப் பிடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குப் பால் சுரக்காதபோது அவள் பிள்ளைக்கு நான் பால் கொடுத்திருக்கிறேன்."

"உன்ர மனுசன்?"

"அன்றைக்கு ஏரியில் இருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று இதுவரை எனக்குத் தெரியாது. கேட்க நான் காத்திருக்கவில்லை."

அவள் எழுந்தாள். "நாங்கள் போகிறோம், டாடா. யார் எடுத்தது என்று நீ சொல்லவேண்டாம். எடுக்கிற ஒருவன் இந்த வீட்டுக்கு வந்து போகிறான் என்று தெரிந்தால் போதும்."

கீழே உடுப்புப் பைகளை இழுக்கும் சத்தம் கேட்டது. றீற்றா குசினியில் நின்றாள். மேசையில் இமானி கீறிய கோடுகள் தேத்தண்ணிக் கறைக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரியும் தெரியாத மாதிரியும் இருந்தன. கிளிபோட்டின் கோப்பை கழுவாமல் கிடந்தது.

மரியரட்ணம் மீன்வாடையோடு உள்ளே வந்தார். றீற்றா நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கைகழுவப் போனவர் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

"வலை வெறுமையா வாறது எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியும் றீற்றா" என்றார். "ஊரில கடலுக்குப் போகேக்க ஒரு வருசம் சோளகக் காத்துக் காலம் முழுக்க எங்களுக்கு ஒண்டும் படேல்லை. ஆரோ வலையைக் கட்டிப்போட்டான் எண்டு ஐயாவையள் மந்திரிக்கிற ஒரு பரியாரியைக் கூட்டிக்கொண்டு வந்தவை. அவன் ஒரு ஆட்டுக்குட்டி கேட்டான். பாதருக்குத் தெரியாமக் குடுத்தவை."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா?"

"அவன் ஆட்டுக்குட்டி கேட்டதால குடுத்தது ஆட்டுக்குட்டி. அவ்வளவுதான். வேறயொண்டு கேட்டிருந்தா ஐயா என்ன செய்திருப்பார் எண்டு இந்தக் கதையைக் கேக்கேக்க பயமாக் கிடக்கு. எங்கட ஐயா, ஒரு எறும்பை மிதிக்காத மனுசன்." தண்ணீரை மூடினார். "எடுத்தது மச்சான்தான், என்ன?"

"வேற ஆர்?"

"போன் எடுத்துக் கேக்காதயும். இல்லை எண்டுவார். நேர போவம்."

401 நெடுஞ்சாலையில் வேலை முடிந்து போகிற கார்கள் மெல்ல நகர்ந்தன. றீற்றா முன்னால் போன கார்களின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அண்ணன் தன்னை விமான நிலையத்தில் கூப்பிட வந்த நாளில், குளிருமென்று தன் ஜாக்கெற்றைக் கழற்றிப் போர்த்திவிட்டுத் தான் ஒற்றைச் சேர்ட்டோடு பனிக்குள் நின்றவர். அந்த மனுசனிடம்தான் இப்போது சண்டைக்குப் போகிறாள்.

அஜக்ஸில் வீட்டு வாசலில் ஏஜென்றின் கார் நின்றது. வீடு பார்க்க ஒரு இளம் சோடி வந்திருந்தார்கள். கிளிபோட் புற்றரையில் நின்று அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கச்சியைக் கண்டதும் சிரிப்பு அரைவாசியில் நின்றது.

"என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல்?"

"எங்க அண்ணை அது?"

"எது?"

"பச்சை ரப்பர் போட்ட மயிர்."

கிளிபோட் ஏஜென்றைத் திரும்பிப் பார்த்தார். "மெல்லக் கதை. ஆக்கள் நிக்கினம்."

ஆனால் அவரை அறியாமலே அவர் கண் விற்பனைப் பலகையின் அடிக்குப் போனது. அங்கே மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது. றீற்றா அதைக் கண்டாள். போய் முழந்தாளில் இருந்து, இரண்டு கைகளாலும் தோண்டத் தொடங்கினாள்.

"பிள்ளை, என்ன விசர் வேலை பாக்கிறாய்! எழும்பு! றீற்றா!"

முதலில் சூசையப்பர் வந்தார், தலைகீழாக. அவருடைய காலடியில், ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பைக்குள், பச்சை வளையத்தோடு இமானியின் குடுமி. வீட்டுப் படியில் நின்ற இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏஜென்ற் ஏதோ சொல்லி அவர்களை அவசரமாக உள்ளே கூட்டிப்போனான்.

"முடிதானே பிள்ளை" என்றார் கிளிபோட். "குப்பையில கிடந்தது. நான் அவளுக்கு என்ன செய்தனான்? ஒரு கீறல் பட்டதே? ஆருக்கு என்ன நட்டம்?"

"அவளின்ர கையைப் பாத்திருக்கிறீங்களே அண்ணை? நீமான்ர கையை?"

"அவளின்ர கைக்கு என்ன?"

றீற்றா சொன்னாள். புற்றரையில், மண்படிந்த கைகளோடு, முழந்தாளில் இருந்தபடியே சொன்னாள். ஏரி, வலை, பங்காளிகள், மந்திரவாதி, விளக்குப் பிடித்தவள். மரியரட்ணம் பின்னால் வந்து நின்றார். கிளிபோட்டும் ஊரில் கடலுக்குப் போனவர். வலையில் மயிரைப் பின்னினார்கள் என்ற இடத்தில் மட்டும் கண்ணை மூடினார்.

"அதுகள் காட்டுச் சனம்" என்றார் முடிவில், மெல்ல.

"எது காடு?" மரியரட்ணத்தின் குரல் உயரவில்லை. "அஜக்ஸ் காடோ மச்சான்? அவை வலையில வைச்சவை. நீங்கள் வீட்டு வாசலில வைச்சிருக்கிறியள்."

றீற்றா எழுந்தாள். சூசையப்பரின் முகத்தில் அப்பியிருந்த மண்ணைத் தன் சட்டையில் துடைத்து, அண்ணனின் கையில் கொடுத்தாள். மற்றதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனி என்ர வீட்டுத் திறப்பு உங்களிட்ட இருக்கக் கூடாது, அண்ணை. தாங்கோ."

அவர் சாவிக்கொத்திலிருந்து திறப்பைக் கழற்றினார். அவள் அதை வாங்கிக்கொண்டு காருக்குப் போனாள். ஏறிய பிறகுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. நீமா பைகளைக் கட்டிப் பக்கவாசலில் அடுக்கிவிட்டு, பிறம்ரனில் இருக்கும் தன் ஊர்க்காரி ஒருத்தியின் காருக்குக் காத்துக்கொண்டு படியில் இருந்தாள். றீற்றா அவளுக்கு முன்னால் போய் நின்று கையை விரித்துக் குடுமியைக் காட்டினாள்.

"என்ர அண்ணன். வீடு விக்க வேணுமெண்டு மண்ணுக்குள்ள வைச்சிருந்தவர். அதுக்கு முதல் இமானியை ரெண்டு தரம் அங்க கொண்டுபோனவர், சுவரைத் தொடுவிக்க. நான்தான் விட்டனான். உனக்கு நான் சொல்லேல்லை. எல்லாம் விளையாட்டெண்டு நினைச்சிட்டன்."

நீமா அந்தக் குடுமியை வாங்கிச் சால்வைக்குள் வைத்தாள். அப்போது தெருவில் ஒரு கார் வந்து நின்றது. நீமாவின் ஊர்க்காரி அல்ல. கிளிபோட் இறங்கினார். உள்ளே வரவில்லை. கார் நிறுத்தும் டிறைவேயின் தொடக்கத்தில், மதகுருவுக்கு முன் நிற்கிறவர் போல, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் வந்தனீங்கள்?" என்று றீற்றா கத்தினாள்.

"அவவிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போறன் பிள்ளை."

பேஸ்மென்ற் யன்னலுக்குள்ளிருந்து, தலையை உயர்த்தி, இமானி கூப்பிட்டாள். "மாமா! உள்ள வாங்கோ! ஐஸ்கிறீம் கொண்டுவந்தனீங்களே?"

கிளிபோட்டின் முகம் கோணிப்போனது. நீமா எழுந்து அவரிடம் நடந்தாள். போகும்போதே சட்டையின் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டாள். அவருக்கு முன்னால் நின்று, தழும்பு அவர் கண்ணுக்கு நேரே தெரியும்படி கையை நீட்டினாள். அவர் பார்த்தார். பார்வையைத் திருப்பவில்லை. அந்த அளவுக்காவது அண்ணன் மனுசன்தான் என்று றீற்றா நினைத்தாள்.

"சொறி" என்றார் கிளிபோட். அவருக்கு இருந்த ஆங்கிலம் ட்றக் ஓட்டப் போதுமானது, இதற்குப் போதவில்லை. "வெறி சொறி, சிஸ்ரர்."

"ஒரு கேள்வி கேட்கிறேன்" என்றாள் நீமா. "முடியை வைத்தும் உன் வீடு விற்காமல் போயிருந்தால், அடுத்ததாக என்ன கேட்டிருப்பாய்?"

"நோ, நோ! ஒண்டுமில்லை, நான் அப்படி..." அவர் நிறுத்தினார். தங்கச்சியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். பிறகு தமிழிலேயே சொன்னார். "எனக்குத் தெரியாது பிள்ளை. முதல் சுவரைத் தொட்டாப் போதுமெண்டு நினைச்சனான். பிறகு மயிரை எடுத்தனான். எடுக்கேக்கயும் பிழையெண்டு தெரியேல்லை. அடுத்தது என்னெண்டு... சத்தியமா எனக்குத் தெரியாது."

"என்ன சொல்கிறான்?"

றீற்றா மொழிபெயர்த்தாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

நீமா கையைத் தாழ்த்தினாள். சுருட்டிய சட்டையை இறக்கிவிடவில்லை. "இதைக்கூட அவன் எனக்குச் சொல்லவில்லை" என்றாள். புருஷனைத்தான் சொல்கிறாள் என்று றீற்றாவுக்குத் தெரிந்தது. "இவனைப் போகச் சொல், டாடா. என் பிள்ளை இருக்கிற நேரத்தில் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. தேவாலயத்தில் கண்டாலும் அவள் தலையைத் தொடக்கூடாது. அவளிடம் நான் சொல்லுவேன், ஏனென்று."

கிளிபோட் தலையாட்டினார். காருக்குப் போகும்போது றீற்றாவின் பக்கம் திரும்பி, "பிள்ளை" என்றார். வேறொரு நாளென்றால் அவள் ஓடிப்போயிருப்பாள். அன்று நின்ற இடத்திலேயே நின்றாள். மரியரட்ணம்தான் கார்க்கதவு வரை கூடப் போய், "கவனமா ஓடுங்கோ மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வீடு செப்ரெம்பரில் விற்றது. கிளிபோட் விலையைக் கீழே இறக்கினார், அவ்வளவுதான். றீற்றாவுக்கு அதைச் சொன்னது அண்ணனின் மனைவி ஜூலி மச்சாள். அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொள்ள இன்னும் சில மாதங்கள் ஆயின. ஆனால் அது பிந்திய கதை.

அன்று பிறம்ரன்காரி வந்தபோது, நீமா அவளோடு தெருவில் நின்று நெடுநேரம் தங்கள் மொழியில் கதைத்தாள். பிறகு அந்தக் கார் வெறுமையாகவே திரும்பிப் போனது. "நீ எனக்குச் சொல்லிவிட்டாய், டாடா. பைகளை உள்ளே எடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். மரியரட்ணம் ஒன்றும் கேட்காமல் இரண்டைத் தூக்கினார்.

கீழே, கட்டிலின் விளிம்பில், நீமா இமானியைத் தனக்கு முன்னால் நிறுத்திப் பேசத் தொடங்கினாள். சால்வையை விரித்து மயிரைக் காட்டினாள். தன் கையைக் காட்டினாள். படகு விபத்தில் வெட்டுப்பட்டது என்றுதான் இதுவரை பிள்ளைக்குச் சொல்லியிருந்தாள் என்று பிறகுதான் றீற்றாவுக்குத் தெரிந்தது. இமானி குனிந்து, மூக்கு முட்ட, அந்தத் தழும்பைப் பார்த்தாள். விரலால் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். றீற்றா படியில் நின்றாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. தாயின் குரல் உடையாமல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

பேச்சு முடிந்தது. இமானி வெட்டிய தன் தலையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு படிப்பக்கம் திரும்பினாள். றீற்றா நிற்பது அவளுக்கு ஒரு நிழலாகத்தான் தெரிந்திருக்கும்.

"அன்ரி, என்ர தலைமயிருக்குள்ள ஏதும் இருக்கோ?"

றீற்றா இறங்கிப் போய்ப் பிள்ளையின் முன்னால் குந்தினாள்.

"பேன் இருந்தது" என்றாள். "அதையும் நான் எடுத்துப்போட்டன். இப்ப ஒண்டுமில்லை ராசாத்தி. மயிர் வெறும் மயிர்தான். அன்ரின்ர மாதிரி, அம்மான்ர மாதிரி."

இமானி இரண்டு கைகளையும் நீட்டி, றீற்றாவின் தலையையும் தாயின் தலையையும் ஒரேநேரத்தில் தடவிப் பார்த்தாள், சொன்னது சரியா என்று.

"அவளிடம் என்ன சொன்னாய்?" என்று நீமா கேட்டாள்.

றீற்றா ஆங்கிலத்தில் சொன்னாள்.

"தமிழில் எப்படிச் சொன்னாய்? இன்னொரு தரம் சொல்லு. மெதுவாக."

"மயிர் வெறும் மயிர்தான்" என்று றீற்றா மெதுவாகச் சொன்னாள். நீமா அதை வாய்க்குள் உருட்டி, தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னாள். இமானி சிரித்துத் தாயைத் திருத்தினாள். நீமா மறுபடியும் சொன்னாள்.